சக்கரம் இல்லாமல் இறங்கும் விமானங்கள்: தொண்ணூறு ஆண்டுக் கேள்வியும் அதன் பதில்களும்

சக்கரத்தை உள்ளே மடக்கிக்கொள்ளும் சிறு பயணிகள் விமானம் ஒன்று, இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே, தெளிவான வானிலையில், நீளமான ஓடுபாதையில், சக்கரம் வெளியே வராமல் அடிவயிறு உரச இறங்குவது ஏன்? ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளாக இந்தக் கேள்வி கேட்கப்பட்டு வருகிறது. விமானி மறந்துவிட்டார் என்பது முதலில் வந்த பதில். கைப்பிடிகளை அமைத்த விதம் தவறு என்றது அடுத்தது. எச்சரிக்கைக் கருவி போதாது, உலோகம் அரித்துவிட்டது, சிறு விமானத்துக்கு மடங்கும் சக்கரமே வேண்டாம் என்று பின்னால் வேறு பதில்களும் சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் உண்மை இருக்கிறது. எந்த ஒன்றும் மற்றவற்றைத் தேவையற்றதாக்கிவிடவில்லை.

லேண்டிங் கியர் விபத்து என்று ஒரே பெயரில் குறிப்பிடப்படுவதற்குள் தனித்தனி நிகழ்வுகள் கலந்து கிடக்கின்றன. விமானி சக்கரத்தை இறக்காமலே தரையைத் தொடுவது ஒன்று. இறக்க முயன்றும் அது வராமல் போவது, அல்லது வந்தும் பூட்டிக்கொள்ளாமல் ஓடுபாதையில் மடிந்துவிடுவது இன்னொன்று. ஒழுங்காக இறங்கிய பிறகு, ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ தவறுதலாகச் சக்கரத்தை மடக்கிவிடுவது மூன்றாவது. காரணம் வேறு, தீர்வு வேறு. ஒன்றுக்குச் சொன்ன பதிலை மற்றொன்றுக்கும் பொருத்தப் பார்த்ததால் இந்த விவாதத்தில் நிறைய குழப்பம் வந்திருக்கிறது.

இங்கே சிறு விமானம் என்பது நான்கு இருக்கை பிஸ்டன் விமானத்திலிருந்து எழுபது, எண்பது பேர் செல்லும் புரொப்பல்லர் விமானம் வரை. பெரிய ஜெட் விமானங்களின் சில விபத்துகளும் இடையில் வரும். சிறு விமானங்களைப் பற்றிய சிந்தனையை அவை மாற்றியதால் அவற்றைத் தவிர்க்க முடியாது.

சக்கரம் மடங்கத் தொடங்கியது

1920-இல் டேட்டன்-ரைட் ஆர்பி-1 என்ற பந்தய விமானத்தில் சக்கரத்தைக் கையால் சுழற்றி உள்ளிழுத்தார்கள். பயணிகள் விமானங்களுக்கு அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது 1931-இல் வந்த லாக்ஹீட் ஓரியன். ஒற்றை இன்ஜின் கொண்ட அந்தச் சிறு விமானம் அன்றைய அமெரிக்கப் போர் விமானங்கள் பலவற்றைவிட வேகமாகப் பறந்தது. 1933-இல் போயிங் 247, சில ஆண்டுகளில் டிசி-3 என்று வரிசையாக வந்தன. காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். ஆகவே வேகம் கூடக்கூட வெளியே தொங்கும் சக்கரம் பெரும் செலவாகிவிடும். கணக்கு தெளிவானது, அன்று அதை மறுத்தவர்கள் குறைவு.

டிசி-3-இல் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. அதன் சக்கரங்கள் மடங்கிய பிறகும் ஒரு பகுதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இறக்க மறந்தாலும், இறக்க முடியாமல் போனாலும், விமானம் அந்தச் சக்கரங்கள் மீதே உருண்டு நிற்க முடிந்தது. அடிப்பகுதிச் சேதம் குறைந்தது. நோக்கம் எதுவாயினும், விமானியின் பிழையைத் தாங்கிக்கொள்ளும் அமைப்பு அது. பின்வந்த விமானங்களில் வேகத்துக்காகச் சக்கரம் முழுதாக உள்ளே போயிற்று, கதவும் மூடிக்கொண்டது. பிழைக்கு விட்டிருந்த இடமும் அத்துடன் போயிற்று. இந்த இழப்பைப் பற்றிய விவாதம் அன்று பெரிதாக எழாதது வருத்தத்துக்குரியது.

மறதி என்ற பதில்

மிகப் பழைய பதிலும், இன்றுவரை மிக எளிதாகச் சொல்லப்படும் பதிலும் இதுதான். மடங்கும் சக்கர விமானம் ஓட்டுபவர்களிடையே ஒரு பேச்சு உண்டு: சக்கரம் இல்லாமல் இறங்கியவர்கள், இனிமேல் இறங்கப்போகிறவர்கள் என்று விமானிகள் இரண்டே வகை. புதியவர்களுக்கு எச்சரிக்கையாகச் சொல்லப்படுவது இது. ஆனால் இதற்குள்ளே ஒரு விதிவாதம் ஒளிந்திருக்கிறது. நடந்தே தீரும் என்று ஏற்றுக்கொண்டால் காரணம் தேட வேண்டியதில்லை.

மறதிக்கு மருந்தாக வந்தது சரிபார்ப்புப் பட்டியல். 1935 அக்டோபர் 30 அன்று ஓஹியோவின் ரைட் ஃபீல்டில், பின்னாளில் பி-17 ஆகவிருந்த போயிங்கின் மாதிரி விமானம் புறப்பட்ட உடனே விழுந்தது. வால்பகுதியின் கட்டுப்பாட்டுப் பூட்டைக் கழற்ற மறந்திருந்தார்கள். அனுபவம் மிகுந்த விமானிகளும் மறக்கிறார்கள் என்று ஏற்றுக்கொண்டதன் விளைவாகவே பட்டியல் பிறந்தது. சிறு விமானங்களில் இதன் சுருக்கம் 'கம்ப்ஸ்' என்ற நினைவுச்சொல். எரிபொருள், சக்கரம், கலவை, புரொப்பல்லர், இருக்கைப் பட்டை என்ற ஐந்தையும் வாய்விட்டுச் சொல்லித் தொட்டுப் பார்ப்பது இன்றும் பயிற்சியின் அடிப்படை.

பட்டியலின் பலவீனமும் ஆராயப்பட்டிருக்கிறது. அசாஃப் டெகானியும் எர்ல் வீனரும் 1990-இல் நாசாவுக்காக எழுதிய ஆய்வு, பட்டியல் பழகிப்போனால் கண் கருவியைப் பார்க்காமலே வாய் பதில் சொல்லிவிடும் என்பதை விரிவாகக் காட்டியது. சக்கரம் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கைப் பல நூறு முறை பார்த்தவருக்கு, விளக்கு எரியாத நாளிலும் அது எரிவதாகவே படும். நாசாவின் கீ டிஸ்மூக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் இன்னும் ஒரு படி போனார்கள். செய்ய வேண்டியதைப் பின்னொரு நேரத்தில் நினைவுகூரும் ஆற்றல் மனிதரிடம் எப்போதும் பலவீனமானது. இடையூறு வந்தால் அது முதலில் அறுந்துபோகும் என்பது அவர்களின் வாதம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் யாரோ கூப்பிட்ட குரலுக்குப் போனவருக்கு நேர்வதுதான் விமானிக்கும் நேர்கிறது.

இதை விமானத்துக்குள் வைத்துப் பார்த்தால் படம் துலங்கும். ஒரு விமானி ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் வந்து, வழக்கமான இடத்தில், வழக்கமான வேகத்தில் சக்கரத்தை இறக்குவார். அந்த இடமும் வேகமும்தான் அவருக்கு நினைவூட்டி. பின்னால் ஜெட் விமானம் வருகிறது, வேகத்தைக் குறைக்காமல் நேராக வாருங்கள் என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்கிறது. வழக்கமான இடம் அன்று வரவே இல்லை. வேறு ஒரு விமானத்தைத் தேடிக் கண்கள் வெளியே போகின்றன. இறக்கிய நினைவு நேற்றைய பறப்பிலிருந்து வந்து இன்றைய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இவரைக் கவனக்குறைவானவர் என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னதால் அடுத்தவருக்கு நேராமல் தடுக்க முடிந்ததாகச் சான்று இல்லை.

வெளியிலிருந்து நினைவூட்டும் வழக்கமும் உண்டு. அமெரிக்க ராணுவ விமான நிலையங்களில் சக்கரம் இறங்கியதைச் சரிபார்க்கும்படி கோபுரத்திலிருந்தே சொல்வது நடைமுறை. கடற்படை ஒரு காலத்தில் ஓடுபாதை முனையில் இதற்கென்றே ஆளை நிறுத்தியது. சிவில் கோபுரங்களில் இப்படி ஒரு வழக்கமான கடமை இல்லை. எந்த விமானத்தின் சக்கரம் மடங்கும், எதனுடையது மடங்காது என்று பார்த்துச் சொல்ல ஆள் எங்கே என்ற எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. சிறு பயணிகள் விமானங்கள் இறங்கும் பல இடங்களில் கோபுரமே கிடையாது.

கைப்பிடிகளின் பங்கு

இந்த வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் இரண்டாம் உலகப் போரின்போது வந்தது. பி-17 (B-17), பி-25 (B-25), பி-47 (P-47) விமானங்களில் ஒரே மாதிரியான விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. நன்றாக இறங்கிய விமானி, ஓடுபாதையில் ஓடும்போது இறக்கையின் பின்புறத் தகடான ஃபிளாப்பை உள்ளிழுக்கப்போய்ச் சக்கரத்தை உள்ளிழுத்துவிட்டார். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற இளம் உளவியலாளர் 1943 வாக்கில் இதை ஆராய அனுப்பப்பட்டார். அவர் விமானிகளின் குணநலன்களைத் தேடவில்லை. டிசி-3-இன் ராணுவ வடிவமான சி-47-இல் மட்டும் இந்த விபத்து ஏன் இல்லை என்று பார்த்தார். விடை காக்பிட்டிலேயே இருந்தது. விபத்து நடந்த விமானங்களில் சக்கரத்துக்கும் ஃபிளாப்புக்கும் ஒரே வடிவக் கைப்பிடிகள் அருகருகே இருந்தன. சி-47-இல் அப்படி இல்லை.

அவர் செய்தது எளிய காரியம். சக்கரக் கைப்பிடியின் நுனியில் சிறு ரப்பர் சக்கரம் ஒன்றை மாட்டினார். ஃபிளாப் கைப்பிடிக்கு ஆப்பு வடிவத் துண்டு. இருட்டிலும், களைப்பிலும், பார்க்காமலே விரலுக்கு வேறுபாடு தெரியும். இன்று எந்தப் பயணிகள் விமானத்தின் காக்பிட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் சக்கரக் கைப்பிடியின் முனையில் வட்டச் சக்கர வடிவம் இருப்பதைக் காணலாம். பின்னர் அது விதியாகவே ஆயிற்று. 1947-இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் விமானியின் பிழை என்று முத்திரை குத்தப்பட்ட 460 அனுபவங்களைத் தொகுத்தார்கள். அவற்றில் ஏறக்குறைய பாதி, ஒரு கைப்பிடிக்குப் பதிலாக இன்னொன்றைப் பிடித்ததால் நேர்ந்தவை. விபத்துக்குப் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியை இந்த இரண்டு வேலைகளும் மாற்றிவிட்டன.

மாறியது அறிவு, சந்தையில் இருந்த விமானங்கள் எல்லாம் மாறிவிடவில்லை. இதற்கு மிகத் தெளிவான சாட்சி பீச்கிராஃப்ட் பொனான்சா. 1947-இல் விற்பனைக்கு வந்த இந்த விமானத்திலும், அதன் இரட்டை இன்ஜின் உறவினரான 'பேரன்' (Baron) விமானத்திலும், சக்கர விசை வலப்புறமும் ஃபிளாப் விசை இடப்புறமும் இருந்தன. மற்றச் சிறு விமானங்கள் பெரும்பாலானவற்றில் இது நேர் எதிர். போதாக்குறைக்குக் கட்டுப்பாட்டுச் சக்கரத்தைத் தாங்கும் கிடைத் தண்டு சில விசைகளை விமானியின் பார்வையிலிருந்து மறைத்தது. அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1980-இல் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. மடங்கும் சக்கரம் கொண்ட சிறு விமானங்களில் இந்த இரண்டு ரகங்களின் பங்கு சிறியது. ஆனால் தவறுதலாகச் சக்கரம் மடக்கப்பட்ட விபத்துகளில் பெரும்பகுதி இவற்றுடையது. வடிவமைப்பே தூண்டிய விபத்துகள் என்று அறிக்கையின் தலைப்பே சொன்னது. 1984 முதல் வந்த விமானங்களில் விசைகள் வழக்கமான இடத்துக்கு மாற்றப்பட்டன. சப்பானிஸின் ரப்பர் சக்கரத்திலிருந்து அங்கு வர நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முன் விற்ற விமானங்கள் பழைய ஏற்பாட்டுடனேயே இன்றும் பறக்கின்றன.

தரையில் இருக்கும்போது சக்கரம் மடங்காமல் தடுக்க ஒரு பாதுகாப்பு விசை உண்டே என்று கேட்கலாம். அது சக்கரத் தூணின் மேல் எடை அழுந்தியிருப்பதை உணர்ந்து வேலை செய்வது. விமானம் வேகமாக ஓடும்போது இறக்கைகள் இன்னும் பாதி எடையைத் தாங்கிக்கொண்டிருக்கும். தூண் முழுதாக அழுந்தியிருக்காது. ஓடுபாதையில் ஒரு சிறு மேடு போதும், அந்த நொடியில் விமானம் பறப்பதாக விசை எண்ணிக்கொள்ளும். விமானி ஃபிளாப்பைத் தேடும் நேரமும் அதுவே.

வடிவமைப்புவாதத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். கைப்பிடி மாறிப்போவதை அது முழுமையாக விளக்குகிறது. கைப்பிடியைத் தொடவே மறப்பதை அது விளக்கவில்லை.

எச்சரிக்கை ஒலியும் தானாக இறங்கும் சக்கரமும்

இன்ஜின் வலுவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் குறைத்தும் சக்கரம் இறங்கவில்லை என்றால் ஒலிக்கும் ஊதல் பல பத்தாண்டுகளாகவே இருக்கிறது. அது ஒலிக்கும் நேரம்தான் சிக்கல். விமானி பெரும்பாலும் ஓரளவு இன்ஜின் வலுவை வைத்துக்கொண்டே நெருங்குவார். முழுதாகக் குறைப்பது ஓடுபாதைக்கு மேல், கடைசி நொடிகளில். அப்போது வேகம் குறைந்ததைச் சொல்லும் எச்சரிக்கையும் சேர்ந்து ஒலிக்கத் தொடங்கும். இரண்டும் ஒன்றாகக் கேட்டால், எப்போதும் இறங்கும்போது கேட்கிற சத்தம் என்று காது விட்டுவிடுகிறது. பயிற்சியின்போது வேண்டுமென்றே வலுவைக் குறைத்துப் பறக்கையில் தேவையில்லாமல் ஒலித்து ஒலித்து அது மதிப்பிழந்தும் போகிறது.

பைப்பர் நிறுவனம் 1967-இல் அறிமுகப்படுத்திய செரோக்கி ஆரோவில் துணிச்சலான விடை ஒன்று இருந்தது. வலு குறைந்து, வேகம் மணிக்குச் சுமார் 170 கிலோமீட்டருக்குக் கீழே வந்தால் சக்கரம் தானாக இறங்கிவிடும். மறதிக்கு இயந்திரமே பொறுப்பேற்றுக்கொண்டது. ஆனால் இன்ஜின் நின்றுபோய், தொலைவிலுள்ள வயலை எட்ட மிதந்து செல்லும் விமானிக்கு, கேட்காமலே சக்கரம் இறங்குவது ஆபத்து. காற்றழுத்தம் அளக்கும் குழாயைப் பனி அடைத்தாலும் கணக்குப் பிழைக்கும். விலக்கிவைக்க நெம்புகோல் இருந்தாலும், நெருக்கடியில் அதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு மறதிக்குப் பதில் இன்னொரு மறதி. வழக்குகளுக்குப் பிறகு, 1980-களின் பிற்பகுதியில் அந்த ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்யும்படி நிறுவனமே அறிவுறுத்தியது. சிறந்த எண்ணம் ஒன்று இப்படி முடிந்தது; அது காப்பாற்றிய விமானங்கள் எத்தனை என்ற கணக்கு எங்கும் எழுதப்படுவதில்லை என்பதால், முடிவு சரிதானா என்று உறுதியாகச் சொல்வதும் கடினம்.

பெரிய விமானங்களில் தரை நெருங்கும்போது, 'மிகத் தாழ்வு, சக்கரம்' என்ற பொருளில் குரல் எழுப்பும் கருவி உண்டு. ஊதலைவிட இது மேலானது. என்ன தவறு என்பதைச் சொற்களால் சொல்கிறது. ஆனால் ஆறு முதல் ஒன்பது பயணிகள் செல்லும் டர்பைன் விமானங்களுக்கு அமெரிக்க விதி வேண்டுவது கருவியின் எளிய வகையை மட்டுமே. அதில் இந்தக் குரல் கட்டாயமில்லை. யாருக்கு மிகவும் தேவையோ, ஒற்றை விமானியுடன் பறக்கும் அந்தச் சிறு விமானத்துக்கே விதி தளர்ந்திருக்கிறது.

குரல் இருந்தாலே போதுமா? 2020 மே 22 அன்று கராச்சியில் பாகிஸ்தான் சர்வதேச விமானச் சேவையின் ஏர்பஸ் ஏ320 எச்சரிக்கைகளை மீறி, சக்கரம் இல்லாமல் ஓடுபாதையில் இன்ஜின்கள் உரச இறங்கியது. பிறகு மீண்டும் மேலே கிளம்பியது. உரசியதில் பழுதான இன்ஜின்கள் சில நிமிடங்களில் நின்றுபோயின. விமானத்திலிருந்த 99 பேரில் இருவரே பிழைத்தனர். வேகமும் உயரமும் கைமீறி, மனம் முழுக்க அதில் சிக்கியவருக்குக் குரலும் எட்டுவதில்லை என்பதற்கு இது சான்று. உரசிய பின் மேலே கிளம்புவது, உரசியபடியே நிற்பதைவிடப் பன்மடங்கு ஆபத்தானது என்ற பாடமும் இதிலே உண்டு. சிறு விமானப் பயிற்சியில் இந்தப் பாடத்துக்குத் தரப்பட வேண்டிய அழுத்தம் தரப்படுவதாகத் தோன்றவில்லை.

தண்ணீரிலும் தரையிலும் இறங்கும் விமானங்களில் நிலைமை தலைகீழ். அங்கே சக்கரம் இறங்கியிருப்பதுதான் ஆபத்து. மிதவைகளிலிருந்து சக்கரம் நீட்டிக்கொண்டிருக்க நீரைத் தொட்டால், விமானம் மூக்கால் குத்திக் குப்புறக் கவிழும். உள்ளே இருப்பவர்கள் தலைகீழாக நீருக்குள் மாட்டிக்கொள்வார்கள். இதனால் அந்த விமானங்களில் சக்கரம் மேலே இருக்கிறது, நீரில் இறங்கலாம் என்றோ, கீழே இருக்கிறது, தரையில் இறங்கலாம் என்றோ குரல் சொல்லி, விமானி அதை ஒப்புக்கொள்ள வேண்டிய ஏற்பாடு பரவியிருக்கிறது. தவறு நடக்கும்போது மட்டும் கத்தாமல், ஒவ்வொரு முறையும் நிலையைச் சொல்லும் முறை இது. தரை விமானங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

உலோகமும் பராமரிப்பும்

விமானி எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் சக்கரம் ஏமாற்றும் விபத்துகள் வேறு. 2007 செப்டம்பர் 9 அன்று டென்மார்க்கின் ஆல்போர்கில் ஸ்காண்டினேவியன் ஏர்லைன்ஸின் டேஷ் 8 க்யூ400 விமானம் இறங்கியபோது வலப்பக்கச் சக்கரம் மடிந்தது. மூன்று நாள் கழித்து லிதுவேனியாவின் வில்னியஸில் அதே ரகம், அதே பக்கம். சக்கரத்தை இயக்கும் உந்துதண்டின் முனையில் திருகு மரையுள்ள இணைப்பு அரித்துப் பிடிவிட்டிருந்தது. விமானங்கள் நிறுத்தப்பட்டுச் சோதிக்கப்பட்டுப் பறக்கத் தொடங்கின. அக்டோபர் 27-இல் கோபன்ஹேகனில் மூன்றாவது விபத்து. இம்முறை காரணமே வேறு: ஹைட்ராலிக் பாதையின் சிறு துளையில் ரப்பர் வளையம் ஒன்று சிக்கியிருந்தது. மறுநாளே அந்நிறுவனம் தன்னிடமிருந்த 27 விமானங்களையும் நிரந்தரமாகக் கைவிட்டது. மூன்றிலும் உயிரிழப்பு இல்லை.

ஆல்போர்க் இணைப்பை விமான வரலாறு முன்பே பார்த்திருந்தது. 1978 டிசம்பர் 28 அன்று யுனைடெட் 173 என்ற டிசி-8 விமானம் போர்ட்லேண்டை நெருங்கியபோது வலப்பக்கச் சக்கரம் பெரும் சத்தத்துடன் கட்டுப்பாடின்றிக் கீழே இறங்கியது. அங்கும் உந்துதண்டு முனையின் திருகு மரையில் ஈரம் புகுந்து அரித்திருந்தது. சக்கரம் பூட்டிக்கொண்டதா என்ற ஐயத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வட்டமிட்ட விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 10 பேர் இறந்தனர். விமானப் பணிக்குழு எப்படிச் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்ற பயிற்சி முறை அந்த விபத்திலிருந்து வளர்ந்தது. மனிதர்களைப் பற்றிய பாடம் உலகெங்கும் பரவியது. மரையைப் பற்றிய பாடம் அவ்வளவு தூரம் பரவியிருந்தால் 29 ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு ரகத்தில் அதே வகை இணைப்பு அதே விதமாக அரித்திருக்குமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பூச்சுக்கும் உலோகத்துக்கும் இடையே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் நடக்கும் அரிப்பு அது.

கழற்றிப் பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. 2007 மார்ச் 13 அன்று ஜப்பானின் கோச்சியில் ஆல் நிப்பான் ஏர்வேஸின் க்யூ400 மூக்குச் சக்கரம் இல்லாமல் இறங்கியது. 60 பேரும் காயமின்றித் தப்பினர். மூக்குச் சக்கரக் கதவின் இயங்கு பாகத்தில் இருக்க வேண்டிய ஒரு போல்ட் இல்லை. அதனால் நகர்ந்த சிறு குழல் கதவைத் திறக்கவிடாமல் தடுத்திருந்தது. கை பட்ட இடத்தில் வரும் பிழை இது.

பாகங்களைக் குறைப்பது இன்னொரு வழி. செஸ்னா 210-இன் முதன்மைச் சக்கரக் கதவுகளும் அவற்றை வரிசை மாறாமல் திறந்து மூடும் ஹைட்ராலிக் ஏற்பாடும் ஓயாத தொல்லை. 1979 மாதிரியில் அந்தக் கதவுகளையே எடுத்துவிட்டார்கள். காற்றுத்தடையில் கொஞ்சம் இழந்து, பழுதாக முடியாத ஒன்றைப் பெற்றார்கள்.

மடங்கவே வேண்டாம் என்ற தரப்பு

இந்த வாதத்தின் முடிவு நிலை: சக்கரத்தை நிலையாக வைத்துவிடுங்கள். ட்வின் ஆட்டர், ஐலாண்டர், 1980-களில் வந்த செஸ்னா கேரவன் எல்லாம் அப்படியே. சரளைப் பாதையிலும் மலையிலும் தீவிலும் தினமும் பல முறை இறங்கும் விமானத்துக்கு வேகத்தைவிட எளிமை மதிப்புள்ளது. வேகம் வேண்டுவோருக்கும் 2000-க்குப் பிறகு சிர்ரஸ் எஸ்ஆர்22 ஒரு பதில் தந்தது. சக்கரங்களுக்கு நேர்த்தியான உறை போட்டு, மடங்கும் சக்கர விமானங்களுக்கு நெருக்கமான வேகத்தை அது எட்டியது, விற்பனையிலும் முந்தியது.

எல்லா விமானங்களுக்கும் இந்தப் பதில் பொருந்தாது. கிங் ஏர், பிலேட்டஸ் பிசி-12 போன்றவை பறக்கும் வேகத்தில் வெளியே நிற்கும் சக்கரத்தின் விலை அதிகம். அவசரமாக நீரில் இறங்க நேர்ந்தால் நிலைச் சக்கரம் விமானத்தைக் கவிழ்க்கும் அபாயமும் உண்டு. பனி படியும் இடமும் அதுவே. இதற்கிடையே 2018-இல் அமெரிக்க விமான நிர்வாகம், வணிக விமானி உரிமத்துக்கு மடங்கும் சக்கர விமானத்தில் பயிற்சி பெற வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தி, நவீன மின்னணுக் கருவிகள் கொண்ட விமானத்தையும் ஏற்றது. பழைய பயிற்சி விமானங்கள் தேய்ந்துவரும் நிலையில் இது நடைமுறைக்கு உகந்த முடிவே. ஆயினும் மடங்கும் சக்கரத்தை முதல் முறையாகப் பயணிகளுடனான வேலையில் சந்திக்கும் விமானிகள் இனி கூடுவார்கள்.

தரையைத் தொடும் நேரம்

சக்கரம் வராது என்று உறுதியான பின் என்ன செய்வது என்பதில் கருத்துகள் பெரிதும் மாறியிருக்கின்றன. ஓடுபாதையில் நுரை தெளிக்கும் வழக்கம் கைவிடப்பட்டுவிட்டது. புல்வெளி மெத்தென்றிருக்கும் என்ற நம்பிக்கையும் தளர்ந்தது; மண்ணில் மூக்கு குத்துவதைவிட வழுக்கிச் செல்லும் தார்ப்பாதையே மேல் என்று பலர் கருதுகிறார்கள். ஒற்றை பிஸ்டன் இன்ஜின் விமானத்தில் இன்ஜினைக் காப்பாற்ற முன்கூட்டியே அணைப்பது பாதையை எட்டாமல் விழ வைக்கலாம் என்பதால் பயிற்றுநர்கள் அதை ஏற்பதில்லை. இருக்கை வரிசைக்கு நேராக புரொப்பல்லர் சுழலும் விமானத்தில் கணக்கு வேறு. ஆல்போர்கில் பயணிகளை அந்த வரிசைகளிலிருந்து முன்பே மாற்றி உட்காரவைத்திருந்தார்கள். உடைந்த தகட்டின் துண்டு அறைக்குள் புகுந்தபோது அந்த முன்யோசனையின் அருமை தெரிந்தது.

2024 மே 13 அன்று ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் ஒரு கிங் ஏர், மூன்று பேருடன், சில மணி நேரம் வட்டமிட்டு எரிபொருளைக் குறைத்த பின் சக்கரமின்றி இறங்கியது. மூவரும் நடந்தே வெளியேறினர். அதே ஆண்டு அக்டோபரில் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய பெரிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் சுற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கியது தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். எடை குறைந்தால் தொடும் வேகம் குறையும், தீப்பிடிக்க எரிபொருளும் குறைவு. போர்ட்லேண்டில் கொன்றதும் இதே வட்டமிடல்தான். எரிபொருள் அளவைக் கவனித்து உரிய நேரத்தில் இறங்க முடிவெடுத்தார்களா என்பதே இரண்டுக்கும் வேறுபாடு. 1972 டிசம்பர் 29 அன்று மயாமி அருகே ஈஸ்டர்ன் 401 விமானத்தில் மூக்குச் சக்கர விளக்கு எரியாததை அனைவரும் கூடிப் பார்த்துக்கொண்டிருக்க, விமானம் மெல்ல இறங்கிச் சதுப்பில் மோதி 101 பேர் இறந்தனர். சக்கரம் உண்மையில் இறங்கியே இருந்தது, எரிந்துபோயிருந்தது விளக்கு.

எண்கள் சொல்லாதவை

எந்தப் பதில் எவ்வளவு பலித்தது என்று அளக்க எண்ணிக்கை வேண்டும். அங்கேதான் பெரிய ஓட்டை. அமெரிக்க விதியில் விபத்து என்று கணக்கில் வர 'கணிசமான சேதம்' வேண்டும். அந்த வரையறை லேண்டிங் கியர், சக்கரம், டயர், பிரேக், ஃபிளாப், இறக்கை நுனி ஆகியவற்றின் சேதத்தையும், தரையில் பட்டு புரொப்பல்லர் தகடு வளைவதையும் விலக்கிவைக்கிறது. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் வரையறையிலும் இதையொத்த விலக்குகள் உண்டு. சக்கரமின்றி இறங்கிய சிறு விமானத்தில் பெரும்பாலும் சேதமாவது இவைதாம். ஆகவே பொருளாதார ரீதியில் விமானம் முடிந்தேபோனாலும், பாதுகாப்புப் புள்ளிவிவரத்தில் அது நடக்காததாகவே இருந்துவிடலாம்.

உயிர் போனால்தான் ஆழமாக விசாரிப்பது என்ற முன்னுரிமை புரிந்துகொள்ளக்கூடியது. விசாரணையாளர்களின் நேரம் குறைவு. ஆனால் கராச்சியும் போர்ட்லேண்டும் மயாமியும் சிறிய கியர் நிகழ்வாகத்தான் தொடங்கின. உயிர் போகாத நூறு நிகழ்வுகளைப் பதிவு செய்யாமல் விட்டால், நூற்றொன்றாவது ஏன் வேறு விதமாகப் போயிற்று என்று ஒப்பிட எதுவும் இருக்காது.

திறந்திருப்பவை

கைப்பிடி மாற்றம் பற்றிய கேள்வி ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. பழைய காக்பிட்டுகளைத் திருத்த யார் செலவழிப்பது என்பதே மிச்சம். மறதியைப் பொறுத்தவரை, ஒவ்வொரு முறையும் நிலையைச் சொல்லும் குரல் ஊதலைவிட மேல் என்று எண்ண வலுவான காரணம் உண்டு. அதை நிறுவ, குரல் உள்ள, இல்லாத சிறு விமானங்களின் இறக்கங்களை ஒப்பிடும் எண்ணிக்கை வேண்டும். இன்றைய வரையறைகள் அதற்கு இடம் தரவில்லை. வரையறையை மாற்றாமலே, சக்கரமின்றித் தரை தொட்ட ஒவ்வொரு நிகழ்வையும் தனியாக அறிவிக்கச் சொல்வது பெரிய சுமையாகாது. 2018-இன் பயிற்சி மாற்றத்தின் விளைவு தெரிய இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம்.

மிகக் கடினமானது உலோகக் கேள்வி. பொனான்சா, 'பேரன்', பைப்பர் செனிகா, செஸ்னா 210 என்று பறப்பவற்றில் பல நாற்பது வயதைத் தாண்டியவை. அவற்றை வடிவமைத்தவர்கள் இவ்வளவு நீண்ட வாழ்வை எதிர்பார்த்துப் பராமரிப்பு இடைவெளிகளைக் குறித்திருக்க வாய்ப்பில்லை. அரிப்பு மறைந்திருக்கும் இணைப்பைக் கழற்றாவிட்டால் ஆல்போர்க் நேரலாம். அடிக்கடி கழற்றினால் கோச்சிக்கு வழி திறக்கும். கடற்கரை நிலையத்தில் நிற்கும் விமானத்துக்கும் வறண்ட பாலையில் நிற்பதற்கும் ஒரே இடைவெளி சரியா, இறக்கங்களை எண்ணுவதா ஆண்டுகளை எண்ணுவதா, பிரிக்காமலே அரிப்பைக் காட்டும் சோதனைகளைச் சிறு நிறுவனங்கள் தாங்கும் விலையில் கொண்டுவர முடியுமா என்பவற்றுக்குத் தயாரிப்பாளர்களிடமிருந்தும் ஒழுங்குமுறை அமைப்புகளிடமிருந்தும் பொதுவான விடை இன்னும் வரவில்லை.